வாழ்த்து அட்டை அம்மையார் எஸ்தர் ஹவ்லாண்ட்



நாட்டை ஆண்டவர்கள், போரில் வென்றவர்கள், பொறிகளைக் கண்டுபிடித்தவர்கள் ஆகியோரின் வரலாறுகளை நாம் பாடநூல்களில் படிக்கின்றோம். கத்தரிக்கோல், பசை, வண்ணத்தாள் ஆகிய மூன்றையும் கொண்டு புகழ் பெற்றவர் ஒருவரும் உலகில் வாழ்ந்திருக்கின்றார். அவர்தாம் அமெரிக்க நாட்டைச் சேர்ந்த எஸ்தர் ஆலன் ஹவ்லாண்ட் அம்மையார். கைவினை வகுப்பில் வாழ்த்து அட்டை செய்து மகிழும் நம் பள்ளி மாணவர்கள் அவரைப் பற்றி அறிந்துகொள்ளுதல் நலம் என்று கருதி, அவர்தம் வரலாற்றை இங்குச் சுருக்கமாகக் கூற விழைகின்றோம்.

பிறப்பும் குடும்பமும்

அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் மாசசூசெட்ஸ் என்னும் மாநிலம் உள்ளது. அம்மாநிலத்தின் தலைநகரான பாஸ்டனுக்கு மேற்கே வூஸ்டர் என்னும் நகரம் அமைந்திருக்கின்றது. அந்நகரில் 1828ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17ஆம் நாள் எஸ்தர் பிறந்தார். அவருடைய தந்தையார் சவுத்வொர்த் ஹவ்லாண்ட் நூல்களையும் எழுதுபொருள்களையும் விற்கும் பெரிய கடை ஒன்றை அந்நகரில் நடத்தி வந்தார். தாயாரும் கல்வியறிவு மிக்கவர்; சிக்கனமாகச் சமைத்து வீட்டை நடத்தும் முறைகளை விளக்கிச் சமையல் நூல் ஒன்றை எழுதி வெளியிட்டவர்.

ஆகவே, எஸ்தர் குழந்தைப் பருவம் முதற்கொண்டே தாளின் மணத்தோடும் மையின் மணத்தோடும் வளர்ந்தார். தாள் எங்கிருந்து வருகின்றது, எவ்வளவு விலைக்கு வாங்கி எவ்வளவு விலைக்கு விற்கப்படுகின்றது என்பவற்றையெல்லாம் கடையில் கண்டும் கேட்டும் அறியும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது.

கல்வி

பெண்கள் உயர்கல்வி பெறுவது அரிதாக இருந்த காலம் அது. மேரி லயன் என்னும் கல்வியாளர் 1837ஆம் ஆண்டு அதே மாநிலத்தில் மவுண்ட் ஹோலியோக் என்னும் பெண்கள் கல்லூரியை நிறுவியிருந்தார். எஸ்தர் அங்குச் சேர்ந்து பயின்று, 1847ஆம் ஆண்டில் கல்வியை முடித்து வெளிவந்தார்.

அக்கல்லூரியில் ஒரு சிறந்த வழக்கம் இருந்தது. கல்விக் கட்டணத்தைக் குறைக்கும் பொருட்டு, சமையல், துப்புரவு போன்ற வேலைகளை மாணவியர் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டு நாள்தோறும் செய்து வந்தனர். ஒவ்வொருவரும் தத்தம் பங்கைச் செவ்வனே செய்தால் பெரிய இல்லம் ஒன்றும் எளிதில் நடைபெறும் என்பதை எஸ்தர் அங்கே கண்கூடாகக் கண்டார். பிற்காலத்தில் அவர் தொழில் நடத்திய முறையும் இவ்வழக்கத்தை நமக்கு நினைவூட்டுகின்றது.

கடல் கடந்து வந்த வாழ்த்து

மேலை நாடுகளில் ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்கள் 14ஆம் நாளை வாலண்டைன் திருநாளாகக் கொண்டாடுவர். அன்புக்குரியவர்களுக்கு அந்நாளில் வாழ்த்து அனுப்புவது பழைய வழக்கம். முற்காலத்தில் மக்கள் தாங்களே தாளை மடித்து, வெட்டி, படம் வரைந்து, சொற்களை எழுதி அனுப்பினர். இங்கிலாந்தில் 1840ஆம் ஆண்டு முதல் ஒரு பென்னி கட்டணத்தில் நாட்டின் எப்பகுதிக்கும் அஞ்சல் அனுப்பும் முறை ஏற்பட்டது. அதன்பின் அங்கு வாழ்த்து அட்டை வணிகம் மிக விரைவாக வளர்ந்தது. அமெரிக்காவிலும் 1845ஆம் ஆண்டில் அஞ்சல் கட்டணம் குறைக்கப்பட்டது. 1847இல் நாடு முழுமைக்கும் உரிய அஞ்சல் தலைகள் வெளியிடப்பட்டன.

எஸ்தர் கல்வியை முடித்துத் திரும்பிய காலத்தில், தந்தையாரோடு வணிகத் தொடர்பு கொண்டிருந்த ஒருவரிடமிருந்து அவருக்கு இங்கிலாந்து நாட்டு வாழ்த்து அட்டை ஒன்று கிடைத்தது. அதன் ஓரமெங்கும் மெல்லிய பூவேலை. நடுவில் வண்ணப் பூக்கள் ஒட்டப்பட்டிருந்தன. அதன் அழகில் எஸ்தர் மகிழ்ந்தார். அத்துடன் அவர் நிற்கவில்லை. அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எவ்வெப் பொருள் எவ்வாறு இணைக்கப்பட்டுள்ளது என்று ஆராய்ந்தார். இதைப் போன்றதை, ஏன், இதைவிடச் சிறந்ததையும் தம்மால் செய்ய இயலும் என்ற துணிவு அவருக்குப் பிறந்தது.

லேஸ் தாள்

அந்த அட்டையின் அழகுக்குக் காரணமாக இருந்தது லேஸ் தாள். துணியில் பின்னப்படும் லேஸ் போலவே நுண்ணிய துளைகளும் பூ வடிவங்களும் கொண்ட தாள் அது. அதனை எவ்வாறு செய்தனர் என்பதை நாம் தெரிந்துகொள்வோம்.

முதலில் எஃகுத் தகட்டில் பூ, கொடி, இலை ஆகிய உருவங்களைச் செதுக்கி அச்சு ஒன்றைச் செய்வர். அதன்மேல் தாளை வைத்து அழுத்தினால் அவ்வுருவங்கள் தாளில் மேடாகப் புடைத்து நிற்கும். இதனைப் புடைப்பு வேலை என்பர். 1830-களில் இலண்டன் நகரில் இம்முறைக்கு மேலும் ஓர் அழகு சேர்க்கப்பட்டது. புடைத்து நின்ற பகுதிகளை மெல்லிய அரத்தால் தேய்த்தபோது, அவ்விடங்களில் மட்டும் தாள் நீங்கிச் சிறு சிறு துளைகள் தோன்றின. எஞ்சிய தாள் பின்னல் வேலை போலக் காட்சியளித்தது. இத்தகைய தாளைச் செய்யும் தொழில் இங்கிலாந்தில் சிறந்து விளங்கிற்று. அக்காலத்தில் அமெரிக்கர்கள் அதனைக் கப்பல் வழியே வரவழைக்க வேண்டியிருந்தது.

பன்னிரண்டு மாதிரிகள்

எஸ்தர் தம் எண்ணத்தைத் தந்தையாரிடம் எடுத்துரைத்தார். அவரும் மகளின் ஆர்வத்திற்குத் தடை சொல்லாமல், லேஸ் தாள், வண்ணத்தாள், வெட்டி எடுத்த பூப்படங்கள் முதலியவற்றை வரவழைத்துக் கொடுத்தார். எஸ்தர் அவற்றைக் கொண்டு பன்னிரண்டு மாதிரி அட்டைகளைத் தம் கையாலேயே செய்து முடித்தார்.

அவருடைய சகோதரர் ஒருவர் கடைச் சரக்குகளை விற்பதற்காக ஊர் ஊராகச் செல்பவர். எஸ்தர் தம் மாதிரிகளையும் உடன் எடுத்துச் செல்லுமாறு அவரை வேண்டினார். 200 டாலர் அளவுக்கு விற்பனை ஆணை கிடைத்தாலே போதும் என்பது எஸ்தரின் எதிர்பார்ப்பு. சகோதரர் திரும்பி வந்தபோது கொண்டுவந்த ஆணைகளோ 5,000 டாலருக்கும் மேற்பட்டவை!

மாணவர்களே, இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த 5,000 டாலர் மகிழ்ச்சியோடு பெருங்கவலையையும் கொண்டு வந்தது. பன்னிரண்டு அட்டைகளைச் செய்த இரண்டு கைகள் எத்தனை ஆயிரம் அட்டைகளைச் செய்ய இயலும்? பிப்ரவரி 14 கடந்துவிட்டால் அந்த அட்டைகளை வாங்குவார் யார்? ஒப்புக்கொண்ட வேலையைக் குறித்த நாளில் முடிக்காவிட்டால் தந்தையாரின் கடைக்கல்லவா இழுக்கு? இருபது வயதை ஒட்டிய அந்த நங்கை இவற்றுக்கெல்லாம் விடை காண வேண்டியிருந்தது.

மேல்மாடித் தொழிற்கூடம்

எஸ்தர் தம் தோழியரை உதவிக்கு அழைத்தார். சம்மர் தெருவில் இருந்த தம் வீட்டின் மேல்மாடியில் நீண்ட மேசை ஒன்றைச் சுற்றி அவர்களை அமரச் செய்தார். வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொடுத்தார்.

ஒருவர் படங்களைக் கத்தரித்தார். மற்றொருவர் அடித்தாளை மடித்து ஆயத்தம் செய்தார். அடுத்தவர் லேஸ் தாளை அதன்மேல் பொருத்தினார். வேறொருவர் பூக்களையும் பட்டுத் துண்டுகளையும் ஒட்டினார். இவ்வாறு ஓர் அட்டை கைக்குக் கை மாறிச் சென்று முழுமை பெற்றது. ஒவ்வொரு வகைக்கும் முதல் மாதிரியை எஸ்தரே செய்து மேசையில் வைத்தார். முடிந்த அட்டைகளையும் அவரே சோதித்தார். மோட்டார் வண்டித் தொழிற்சாலைகளில் வேலையை இவ்வாறு வரிசையாகப் பிரித்துச் செய்யும் முறை பரவுவதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்னரே, வூஸ்டர் நகரின் வீடொன்றில் அது இனிதே நடைபெற்றது.

வீட்டை விட்டு வர இயலாத பெண்களுக்கும் அவர் வழி செய்தார். ஒரு வகை அட்டைக்கு வேண்டிய பொருள்கள் யாவும் பெட்டி ஒன்றில் வைக்கப்பட்டு அவர்தம் வீட்டிற்கே அனுப்பப்பட்டன. ஒரு வாரத்திற்குப் பின் வண்டிக்காரர் சென்று, செய்து முடித்த அட்டைகளைப் பெற்று வந்தார். கற்ற பெண்களுக்கும்கூட ஆசிரியப் பணி, தையல் வேலை, ஆலை வேலை என்று மிகச் சில தொழில்களே கிட்டிய அக்காலத்தில் இஃது ஒரு பேருதவி. வேலை இனிமையாகவும் ஊதியம் தாராளமாகவும் இருந்ததென்று கூறுவர்.

1850ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 5ஆம் நாள் வூஸ்டர் நகரின் நாளிதழில் அவருடைய அட்டைகளுக்கு முதல் விளம்பரம் வெளிவந்தது. காலப்போக்கில் அவருடைய வணிகம் ஆண்டுக்கு 100,000 டாலரை எட்டியதாகச் சொல்லப்படுகின்றது. எளியோர் வாங்கத்தக்க 5 காசு அட்டையும் அவரிடம் இருந்தது. பட்டும் நாடாவும் வைத்துச் செய்து, பல டாலர் விலை குறித்த அட்டையும் இருந்தது. அட்டையின் பின்புறம் சிவப்பு நிறத்தில் 'எச்' என்னும் எழுத்து சிறிதாக இடப்பட்டது. அவ்வெழுத்தைக் கண்டவர் அது ஹவ்லாண்ட் அம்மையாரின் அட்டை என அறிந்துகொண்டனர்.

அடுக்கின் மேல் அடுக்கு

அவர் இங்கிலாந்து அட்டைகளை அப்படியே பார்த்துச் செய்துவிடவில்லை. புதிய நுணுக்கங்கள் பலவற்றைக் கையாண்டார். அவற்றுள் இரண்டை மட்டும் கூறுவோம்.

வெள்ளை லேஸ் தாளை வெள்ளை அட்டையின் மேல் ஒட்டினால் அதன் பூவேலை கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. ஆகையால் அவர் லேஸ் தாளுக்குக் கீழே சிவப்பு, நீலம், பச்சை போன்ற நிறங்களில் பளபளப்பான சிறு தாள் துண்டுகளை வைத்தார். துளைகளின் வழியே அந்நிறம் தெரிந்தது. வெள்ளைப் பூவேலை எடுப்பாகத் தோன்றியது. ஒரு சிறு வண்ணத் துண்டு அட்டை முழுவதற்கும் உயிரூட்டிற்று.

மற்றொன்று, உயர்ந்து நிற்கும் அமைப்பு. சிறு தாள் கீற்றுகளை விசிறி போல் முன்னும் பின்னுமாக மடித்து, அடித்தாளுக்கும் லேஸ் தாளுக்கும் இடையே ஒட்டினார். அவை சுருள் வில்லைப் போல் மேல் தாளைத் தூக்கி நிறுத்தின. தட்டையாக இருந்த அட்டை, சிறு மாடம் போல் ஆழமுடையதாகக் காணப்பட்டது. உறையில் இடும்போது அது தணிந்து படியும். வெளியே எடுத்தால் மீண்டும் எழும்பும். இந்த மடிப்பை நீங்களும் எளிதாகச் செய்து பார்க்கலாம்.

உள்ளே வைத்த சொல்

இவ்வரலாற்றில் நாம் சிறப்பாகக் கருதும் பகுதி இனிமேல்தான் வருகின்றது. பலர் கூடி ஆயிரக்கணக்கில் செய்யும் அட்டையில் அனுப்புகின்றவரின் உள்ளம் எங்கே இருக்கும் என்னும் ஐயம் நம்முள் எழலாம். தம் கையால் வரைந்து எழுதி அனுப்பிய பழைய காலத்து வாழ்த்தில் அனுப்பியவரின் அன்பு வெளிப்படையாகத் தெரிந்ததே! கடையில் வாங்கிய அட்டையில் அது தெரியுமா?

ஹவ்லாண்ட் அம்மையார் செய்தவற்றைப் பார்க்கும்போது, இக்கேள்விக்கு அவரிடம் ஒரு விடை இருந்தது தெளிவாகின்றது. அவர் வாழ்த்துச் செய்யுளை அட்டையின் முகப்பில் பெரிதாக அச்சிடவில்லை. சிறிய தாளில் அச்சிட்டு உட்பக்கத்தில் ஒட்டினார். முகப்பைக் காண்பவர் எவராயினும் ஆகுக. உள்ளே இருக்கும் சொல் பெறுகின்றவருக்கு மட்டுமே உரியதாயிற்று.

1879ஆம் ஆண்டில் அவருடைய நிறுவனம் செய்யுள் நூல் ஒன்றை வெளியிட்டது. 31 பக்கங்கள் கொண்ட அந்நூலில் 131 செய்யுள்கள் பல அளவுகளில் அச்சிடப்பட்டிருந்தன. அட்டையை வாங்குகின்றவர், அதனுள் இருக்கும் செய்யுள் தம் உள்ளத்திற்கு ஒத்து வரவில்லையெனில், அந்நூலிலிருந்து வேறொன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அதனை வெட்டிப் பழைய செய்யுளின் மேல் ஒட்டிக்கொள்ளலாம். பூவையும் நாடாவையும் பலர் ஒட்டினாலும், சொல்லைத் தெரிந்தெடுக்கும் உரிமை அனுப்புகின்றவரிடமே இருந்தது.

இடரும் உறுதியும்

அம்மையாரின் வாழ்வு இடரின்றிச் செல்லவில்லை. 1860-களில் அவர் முழங்காலில் காயமுற்றார். சில காலம் சக்கர நாற்காலியில் அமர்ந்தே இருக்கும் நிலை ஏற்பட்டது. அந்நிலையிலும் அவர் தொழிலைக் கைவிடவில்லை. நாற்காலியில் இருந்தவாறே மாதிரிகளைச் செய்தார். முடிந்த அட்டைகளைச் சோதித்தார். தொழில் தடையின்றி நடந்தது.

பின்னர், அதே தொழிலில் ஈடுபட்டிருந்த எட்வர்ட் டாஃப்ட் என்பவருடன் சேர்ந்து நியூ இங்கிலாந்து வாலண்டைன் கம்பெனி என்னும் நிறுவனத்தை நடத்தினார். எட்வர்டின் தந்தையாரான ஜோதம் டாஃப்ட் என்பவரும் அப்பகுதியில் வாழ்த்து அட்டை செய்தவரே. ஆகவே, அமெரிக்காவில் இத்தகைய அட்டைகளைச் செய்த ஒரே முன்னோடி ஹவ்லாண்ட் அம்மையார் என்று கூறுதல் பொருந்தாது. எனினும், அத்தொழிலை நாடெங்கும் பரவச் செய்த பெருமை அவருக்கு உண்டு. அதனால் அமெரிக்க வாலண்டைன் அட்டையின் அன்னை என்று மக்கள் அவரைப் போற்றலாயினர்.

தந்தைக்காகத் துறந்த தொழில்

ஏறத்தாழ முப்பது ஆண்டுக் காலம் இத்தொழில் செழித்தது. அந்நிலையில் அவருடைய தந்தையார் நோய்வாய்ப்பட்டார். அன்று பொருள்களை வரவழைத்துக் கொடுத்துத் தம்மை ஊக்கியவர் அவரல்லவா? அம்மையார் 1880-களின் தொடக்கத்தில் தம் நிறுவனத்தை ஜார்ஜ் விட்னி என்பவருக்கு விற்றுவிட்டார்; தந்தையாரின் அருகிருந்து பணிவிடை செய்யலானார்.

ஊரார் ஒருவருக்கொருவர் அன்பைத் தெரிவிக்க ஆயிரமாயிரம் அட்டைகளைச் செய்து கொடுத்தவர் அவர். தம் தந்தையாருக்கு அன்பைக் காட்ட வேண்டிய வேளை வந்தபோது, பேரும் பொருளும் தந்த தொழிலையே விட்டுக்கொடுத்தார். இதனைவிடப் பெரிய வாழ்த்து வேறு எது?

அம்மையார் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1904ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15ஆம் நாள், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குவின்சி என்னும் ஊரில், தமது 75ஆம் அகவையில் இயற்கை எய்தினார்.

அவருக்குப் பின்

விட்னியின் நிறுவனம் பெரிதாக வளர்ந்தது. புடைப்பு வேலையும் லேஸ் தாளும் பொறிகளின் உதவியால் அங்கேயே செய்யப்பட்டன. கையால் ஒட்டும் வேலை படிப்படியாகக் குறைந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தாளுக்குத் தட்டுப்பாடு ஏற்படவே, 1942ஆம் ஆண்டில் அந்நிறுவனமும் மூடப்பட்டது. வூஸ்டர் நகரின் அட்டைத் தொழில் அவ்வாறு முடிவுற்றது.

ஆயினும், அம்மையார் செய்த அட்டைகள் அழிந்துவிடவில்லை. வூஸ்டரில் உள்ள அமெரிக்கத் தொல்பொருள் கழகம் அவற்றைப் பேணிக் காத்து வருகின்றது. அந்நாட்டு வாழ்த்து அட்டைச் சங்கம் 2001ஆம் ஆண்டில் அவர் பெயரால் விருது ஒன்றை ஏற்படுத்தியது.

நாம் கொள்ள வேண்டியவை

மாணவச் செல்வங்களே! நம் நாட்டிலும் தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, கிறிஸ்துமஸ் ஆகிய திருநாள்களின்போது வாழ்த்து அட்டைகள் அஞ்சலில் வந்து குவிந்த காலம் ஒன்று உண்டு. வந்த அட்டைகளைக் கயிற்றில் கோத்து வீட்டு முன்கூடத்தில் தொங்கவிட்டு மகிழ்ந்ததை உங்கள் பாட்டிமாரும் தாத்தாமாரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இன்று கைப்பேசியின் வழியே ஒரு நொடியில் நூறு பேருக்கு ஒரே வாழ்த்தை அனுப்பிவிட முடிகின்றது. வசதி பெருகியது நன்றே. ஆனால் ஒரே சொல்லை நூறு பேருக்கு அனுப்பும்போது, அதில் எவருக்கென்று தனியாக ஒரு சொல் இருக்கின்றது?

கைவினை வகுப்பில் அட்டை செய்யும்போது அம்மையாரை நினைவு கூர்வீர்களாக. அழகிய பொருள் ஒன்றைக் கண்டால் அஃது எவ்வாறு செய்யப்பட்டது என்று திருப்பிப் பாருங்கள். ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து வேலையைப் பகிர்ந்து செய்யுங்கள். வெட்டுகின்றவர் நேராக வெட்டினால்தான் ஒட்டுகின்றவரின் வேலை சிறக்கும் என்பதை மறவாதீர்கள். அட்டையின் முகப்பை நண்பர்களோடு சேர்ந்து அழகு செய்தாலும், உள்ளே எழுதும் சொல்லை மட்டும் நீங்களே தேர்ந்தெடுத்து எழுதுங்கள். பெறுகின்றவரின் பெயரையும், அவர் உங்களுக்குச் செய்த நன்மை ஒன்றையும் இரண்டு வரிகளில் எழுதினால் போதும்.

வரும் ஆசிரியர் தினத்திற்கோ திருநாளுக்கோ நீங்கள் செய்யும் அட்டை சற்றுக் கோணலாக இருக்கலாம். பசை ஓரத்தில் வழிந்திருக்கலாம். அதனைப் பெறுகின்ற தாயோ தந்தையோ ஆசிரியரோ அக்குறையைக் காணமாட்டார். உள்ளே இருக்கும் சொல்லையே தேடிப் படிப்பார். அச்சொல் உங்களுடையதாக இருக்கட்டும்.